கல்வாழைக்கு வந்த நோட்டீஸ்

1

நேற்று முன்தினம் காலையில் பின்கதவைத் திறந்தேன். கல்வாழை இலைகள் எல்லாம் கறுத்துத் தொங்கிக்கொண்டிருந்தன. முதல் உறைபனி விழுந்துவிட்டது. முந்தின நாள் மாலை வரைக்கும் என் உயரத்துக்கு நின்று சிவப்பாகப் பூத்த செடிகள், வெந்நீரைக் கொட்டியது போல ஆகிவிட்டன. வருடா வருடம் நடப்பதுதான். இருந்தாலும் ஒவ்வொரு வருடமும் ஒரு இலையையாவது தூக்கிப் பிடித்துப் பார்க்கிறேன்.

உறைபனி விழுந்தால் வேலை இருக்கிறது. தண்டை ஒரு சாண் விட்டு வெட்ட வேண்டும். கிழங்கு காயப்படாமல் சுற்றிலும் தோண்டி எடுத்து, மண்ணை உதறி, நாலு நாள் நிழலில் உலர்த்தி, மரத்தூள் நிரப்பிய அட்டைப்பெட்டியில் வைத்து பேஸ்மென்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து அழுகல் இருக்கிறதா, சுருங்கிவிட்டதா என்று தடவிப் பார்க்க வேண்டும். ஏப்ரலில் முளைக்கண் மேலே பார்க்கும்படி தொட்டியில் புதைத்து ஜன்னலோரம் வைக்க வேண்டும். மே கடைசியில்தான் வெளியே இறக்கலாம். அதற்கு முன்னால் இறக்கினால் ஒரு குளிர் இரவு போதும், கதை முடிந்துவிடும்.

ஊரில் இதைச் சொன்னால் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். கேரளத்தில் கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, தமிழ் பேசுகிற எங்கள் பக்கத்தில், கல்வாழையை யாரும் வளர்ப்பதில்லை. அது பாட்டுக்கு இருக்கும். பொடக்காலியில், அதாவது வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்லிலிருந்தும் குளிக்கிற இடத்திலிருந்தும் தண்ணீர் ஓடி விழுகிற சலதாரை ஓரமாக நிற்கும். ரொம்பப் பெருகிவிட்டால் அரிவாளால் நாலு கொத்துக் கொத்தி வேலிக்கு அந்தப் பக்கம் எறிவோம். விழுந்த இடத்தில் அது முளைக்கும். அப்படிப்பட்ட கிழங்கை இங்கே ஒரு செடிக் கடையில் பெட்டிக்குள் வைத்து, மேலே வண்ணப்படம் ஒட்டி அடுக்கியிருந்ததைப் பார்த்தபோது, சொந்தக்காரரைக் கோட்டு சூட்டில் பார்த்தது போலத் திகைத்து நின்றேன். ஊரிலிருந்தே ஒரு துண்டு கொண்டுவந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். விமான நிலையத்தில் செடி, விதை, மண் ஏதாவது இருக்கிறதா என்ற கேள்விக்கு ஊறுகாய் பாட்டிலை எடுத்து நீட்டுகிற ஆள் நான். காசு கொடுத்து நாலு கிழங்கு வாங்கினேன்.

கனடாவுக்கு வந்து இந்த அக்டோபரோடு பதினொரு வருடம். வருடம் திரும்புகிற இந்த நாட்களில் ஊரிலுள்ளவர்களுக்கு ஏதாவது எழுதலாம் என்று தோன்றும், பிறகு விட்டுவிடுவேன். இந்த முறை எழுதாமல் இருக்க முடியவில்லை. நேற்று என் வீட்டுத் தபால்பெட்டியில் ஒரே மாதிரி இரண்டு உறைகள் கிடந்தன. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

2

கேரளம் என்றதும் எல்லோரும் மழை என்கிறார்கள். எங்கள் பக்கம் வந்து பார்த்தவர்கள் சொல்ல மாட்டார்கள். மாசி பிறந்தால் போர்வெல் காற்றைத்தான் கக்கும். வாய்க்காலில் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்பதுதான் ஊரில் பேச்சு. அரிசி களைந்த தண்ணீர் மாட்டுக்கு, துவைத்த தண்ணீர் கல்வாழைக்கு, கல்வாழை குடித்து மிஞ்சினது தென்னைக்கு. இது என் அம்மாவின் சட்டம். ஒருமுறை குளித்துவிட்டு வந்தபோது சலதாரையில் மண் அடைத்துத் தண்ணீர் வாசல் பக்கம் ஓடிவிட்டது. அம்மா என்னை விட்டாளா! "ஒருக்கா பொழங்குன தண்ணிய அப்படியே உட்டுப்போட்டு வந்திருக்கறயே, உனக்கு நெஞ்சு பதறலியாடா?" என்று நாள் முழுக்கத் திட்டினாள்.

நெஞ்சு பதறுகிற பழக்கம் அங்கேதான் ஆரம்பித்திருக்க வேண்டும்.

இங்கே வீடு வாங்கிக் குடிவந்ததும் துவைக்கிற மெஷின் தண்ணீரைக் கக்குவதைப் பேஸ்மென்ட்டில் நின்று பார்த்தேன். குடம் குடமாகக் குழாயில் விழுந்து எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. என்னால் தாங்க முடியவில்லை. போன வருடம் வசந்தத்தில் ஒரு நீளமான ஓஸ் வாங்கி, மெஷினின் வெளிக்குழாயில் மாட்டி, பேஸ்மென்ட்டின் சின்ன ஜன்னல் வழியாக வெளியே எடுத்து, கல்வாழைப் பாத்தியில் விட்டேன். அன்றைக்கு வந்த திருப்தி எனக்கு வேலை கிடைத்த நாளில்கூட வரவில்லை.

என் மனைவி ராணி சூரியநெல்லிக்காரி. தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்தில், ஒரே வரிசையாகக் கட்டின வீடுகளில், பிறந்து வளர்ந்தவள். அவள் ஜன்னலைப் பார்த்தாள், ஓஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என்னங்க, இத வெளிய யாராச்சும் பாத்தா ஒண்ணும் சொல்லமாட்டாகளா?"

"நம்ம தண்ணி, நம்ம செடி. இதுல ஊரான் சொல்றதுக்கு என்ன இருக்குது?"

பார்த்தீர்களா, எதற்கெடுத்தாலும் பயப்படுகிற நான் பயப்பட வேண்டிய இடத்தில் மட்டும் பயப்படவில்லை. தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு விடுவது உலகத்தில் எங்கேயாவது தப்பாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் ஊர்க்காரன் எவனுக்கும் தோன்றாது.

கல்வாழை இரண்டு கோடையிலும் அப்படி வளர்ந்தது! நாலு கிழங்கு இருபதாயிற்று. எங்கள் வீட்டுப் பின்புறம் சரிவு. சரிவின் அடியில் ஒரு சின்ன ஓடை போகிறது. மிஞ்சின தண்ணீர் அந்தப் பக்கம் வழிந்துபோகும். மிஞ்சினது தென்னைக்கு என்பது போல, மிஞ்சினது ஓடைக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

3

எங்கள் வீட்டில் இன்னொரு சட்டமும் உண்டு. அது நான் போட்டது.

மகள் நிவேதாவுக்கு இப்போது பதினாறு. இங்கே வரும்போது அஞ்சு வயது. நிவி என்று கூப்பிடுவோம். மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் வீட்டுக்குள் வந்து முழுக்க இங்கிலீஷில் பேச ஆரம்பித்தாள். அன்றைக்கே விதித்தேன்: வீட்டுக்குள் தமிழ். இங்கிலீஷில் பேசினால் நான் காதில் கையை வைத்து, "தமிழ்ல சொன்னாத்தான் எனக்குக் காது கேக்கும்" என்பேன். முதலில் அது விளையாட்டாக இருந்தது. அவளும் கெக்கெக்கே என்று சிரித்துவிட்டுத் தமிழில் சொல்லுவாள். "அப்பா, எனக்கு ஜூஸ் வேணும், இப்பக் கேக்குதா?" என்பாள். நான் கேட்குது கண்ணு என்று எடுத்துக் கொடுப்பேன்.

பன்னிரண்டு வயதுக்கு மேல் அவள் சொல்ல வேண்டிய விஷயங்கள் ஜூஸைத் தாண்டிப் போய்விட்டன. அவளிடம் இருந்த தமிழ் அங்கேயே நின்றுவிட்டது. பள்ளியில் நடந்தது, படித்தது, கோபம், யோசனை எதற்கும் அவளிடம் தமிழ்ச் சொல் இல்லை. ஆரம்பிப்பாள், தடுமாறுவாள், "ஒண்ணுமில்லப்பா" என்று முடித்துக்கொள்வாள். நான் அதை அடக்கம் என்று நினைத்தேன். நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் என் மகள் வீட்டில் தமிழ்தான் பேசுவாள் என்று பீற்றிக்கொள்வேன். ராணி அடுப்படியிலிருந்து, "புள்ள பேசுறதையே நிப்பாட்டிருச்சு, அத எங்க போயிச் சொல்ல" என்பாள்.

இந்த வருடம் மே மாதம் ஒரு சனிக்கிழமை காலை. நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். நிவி வந்து பக்கத்தில் நின்று ஓடையைப் பற்றி ஏதோ இங்கிலீஷில் ஆரம்பித்தாள். பள்ளியில் ஒரு குழுவில் சேர்ந்திருக்கிறாள், ஓடைத் தண்ணீரைக் குப்பியில் பிடித்துச் சோதிப்பது, மீன்களை எண்ணுவது என்று. அதைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைத்தேன். தோசைக் கரண்டியோடு காதில் கைவைத்தேன். அவள் சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அடுத்த தோசை கருகிவிடுமே என்ற கவலைதான் இருந்தது.

4

ஜூலையில் நோட்டீஸ் வந்தது.

தபாலில் வரும் அரசாங்கக் கடிதத்தை உடனே பிரிக்கிற தைரியம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. என் அப்பாவுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. வில்லேஜ் ஆபீஸிலிருந்து ஏதாவது தாள் வந்தால் பழனி முருகன் படத்துக்குப் பின்னால் சொருகிவிடுவார். மூன்று நாள் கழித்து, பள்ளியில் மலையாளம் படித்த என்னிடம் எடுத்து நீட்டுவார். நான் எழுத்துக் கூட்டி வாசிக்கும்போது அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை நிலத்தை அளக்க ஆள் வருவதாக ஒரு தாள் வந்தது. நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று நினைத்து ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அளக்க வந்தவர் இளநீர் குடித்தார், சங்கிலியைப் போட்டு அளந்தார், நன்னாயிட்டுண்டு என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா அதற்குப் பிறகும் ஒரு வாரம் சாப்பிடவில்லை. எதற்காக நல்லா இருக்குது என்று சொன்னான் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

நானும் அந்த உறையை முருகன் படத்துக்குப் பின்னால்தான் சொருகினேன். மூன்று நாள் கழித்து எடுத்து நிவியிடம் நீட்டினேன். நான் உணவு பொட்டலம் கட்டுகிற ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிறவன். எனக்கு இங்கிலீஷ் தெரியாமல் இல்லை. ஆனால் அரசாங்கத்தின் இங்கிலீஷைக் கண்டால் எழுத்துகள் கலங்கிவிடும்.

"என்ன கண்ணு போட்டிருக்கான்? தமிழ்ல சொல்லு."

அவள் படித்தாள். முகம் வெளுத்துப்போனது. அந்த வெளுப்பைப் பார்த்து எனக்கு இன்னும் பயம் கூடியது.

"நம்ம தண்ணி... அந்த பைப்... அது ரூல் இல்லையாம். வந்து பாப்பாங்களாம். யாரோ கம்ப்ளெயின்ட் பண்ணிருக்காங்க."

"யாரு?"

"தெரியலப்பா."

இதில் என் பதற்றத்துக்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் மூன்று பேருக்கும் குடியுரிமை கேட்டு அந்த வசந்தத்தில்தான் விண்ணப்பம் போட்டிருந்தேன். கேட்கும் தகுதி வந்து பல வருடமாகியும் ஏதாவது ஒரு தாள் குறைகிறதோ என்ற பயத்தில் தள்ளித் தள்ளிப் போட்டு, கடைசியில் ராணி சண்டை பிடித்து அனுப்ப வைத்தாள். அந்தப் படிவத்தில் குற்றம் ஏதாவது உண்டா என்று ஒரு கேள்வி. இல்லை என்று டிக் போட்டிருந்தேன். இப்போது கல்வாழையால் குற்றவாளியாகி நிற்கிறேன். கேட்டால் என்ன சொல்வது? துணி துவைத்த தண்ணீரைச் செடிக்கு விட்டேன் ஐயா என்றா? அதை நம்புவார்களா? மூன்று பேருடைய விண்ணப்பமும் என் ஒரு ஓஸில் தொங்குகிறது என்று தோன்றியது. அன்றே ஓஸைக் கழற்றிச் சுருட்டினேன்.

ராணிதான் திட்டினாள். "ஒரு கடுதாசிக்கு இம்புட்டு பயப்படுறீகளே! யான வந்து வாசல்ல நிக்கிற லயத்துல வளந்தவ நானு. எங்கம்மா தொரை முன்னாடியே நிமிந்து நின்னு பேசுனவுக. வாரவுக வரட்டும், கேக்கட்டும், சொல்லுவோம்."

அண்ணனுக்குப் போன் செய்தேன். ஊரில் எங்கள் வீட்டில் இருந்து வெள்ளாமை பார்க்கிறவர் அவர்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"ஏன்டா தம்பி, தண்ணி உட்டதுக்கா நோட்டீசு? இங்க வாய்க்கால்ல தண்ணி உடுங்கன்னு போன வாரம் பூராம் ரோட்டுல உக்காந்திருந்தோம். எவனும் ஒரு நோட்டீசு குடுக்கலியே."

"இல்லீங்ணா, இது சோப்புத் தண்ணியாமுங்."

"சோப்புத் தண்ணிக்கு கல்வாழை சாவாதுடா."

"செடிக்கு இல்லீங்ணா. சட்டத்துக்குங்."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. நிவி மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

5

இரண்டு வாரம் கழித்து நகராட்சியிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். நான் சட்டையை உள்ளே விட்டு, எல்லாப் பத்திரங்களையும் ஒரு கோப்பில் போட்டு, வீட்டு வரி ரசீது முதற்கொண்டு தயாராக வைத்திருந்தேன். அவர் கோப்பைத் தொடவே இல்லை. ஜன்னலைப் பார்த்தார். பாத்தியைப் பார்த்தார். சரிவில் இறங்கி ஓடை வரைக்கும் போய்க் குனிந்து நின்றுவிட்டு வந்தார். கல்வாழை ரொம்ப அழகாக இருக்கிறது என்றார். எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. அழகு என்று ஏன் சொன்னார் என்று மனசு ஓட ஆரம்பித்துவிட்டது.

இனி மெஷின் தண்ணீரை வெளியே விடக் கூடாது, செப்டம்பரில் மறுபடி வந்து பார்ப்போம், சரியாக இருந்தால் முடித்துக் கடிதம் அனுப்புவோம், அவ்வளவுதான் என்றார். எனக்கு அது போதவில்லை. இது குடியுரிமை அலுவலகத்துக்குப் போகுமா என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. மறுபடியும் கேட்டேன். எந்த அலுவலகம் என்று அவர், என் பக்கத்தில் நின்ற நிவியைத் திரும்பிப் பார்த்தார். நிவி தலையைக் குனிந்துகொண்டாள். மூன்றாவது முறையும் கேட்டேன். போகாது, எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று அவர் பொறுமையாகச் சொன்னார்.

"புகார் கொடுத்தது யார்?"

அதைச் சொல்ல அனுமதி இல்லை என்றார். நிவி சட்டென்று வீட்டுக்குள் போய்விட்டாள். அப்பா இப்படிக் கெஞ்சுவதைப் பார்க்க அவளுக்கு வெட்கம் என்று நினைத்தேன்.

போகும்போது அந்தப் பெண்மணி, கூரையில் விழுகிற மழைத் தண்ணீரை ஒரு பீப்பாயில் பிடித்துச் செடிக்கு ஊற்றுங்கள், அதற்குத் தடையில்லை என்று சொன்னார். நான் தலையாட்டினேன். ஆனால் பயம் பிடித்தவனுக்கு எல்லாமே தடைதான். பீப்பாயும் வைக்கவில்லை. வெறும் குழாய்த் தண்ணீரைக்கூடக் கல்வாழைக்கு விட மனம் வரவில்லை. மறுபடி எவனாவது பார்த்து எழுதிப்போட்டால்?

6

எவனாவது என்றால் எனக்கு ஒரே ஆள்தான். வேலிக்கு அடுத்த பக்கம் டேவ். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். அவர் வீட்டு மாடியிலிருந்து எங்கள் பேஸ்மென்ட் ஜன்னல் நன்றாகத் தெரியும். வருடா வருடம் ஒரு கூடை தக்காளி கொண்டுவந்து கொடுப்பார். பனிக்காலத்தில் எங்கள் நடைபாதையையும் சேர்த்துச் சுத்தம் செய்துவிடுவார். நானும் ராணி செய்த முறுக்கைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அப்படிப்பட்டவர் இப்படிச் செய்வாரா என்று ஒரு மனம் கேட்டது. செய்தாரே என்று இன்னொரு மனம் சொன்னது.

ஆகஸ்டில் அவர் கை காட்டினால் நான் பார்க்காதது போல் உள்ளே போனேன். தக்காளி கொண்டுவந்தபோது கதவைத் திறக்கவில்லை. அவர் வாசலில் வைத்துவிட்டுப் போனார். அதை நான் சாப்பிடவில்லை. வேலி நெடுகிலும் மூங்கில் தட்டி வாங்கிக் கட்டினேன். ஒருநாள் அவர் தட்டிக்கு மேலே தலையை நீட்டி, நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். எங்கள் ஊரில் ஒன்றுமில்லை என்றால் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். அவர் அந்தச் சொல்லை அப்படியே நம்பிக்கொண்டு போய்விட்டார்.

சாப்பாட்டு மேஜையில் தினமும் இதே பேச்சு. விண்ணப்பம் என்னவாகும், மூன்று பேருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டால் எங்கே போவது, டேவ் ஏன் இப்படிச் செய்தான். ராணி, "அந்த மனுசரு செஞ்சிருக்க மாட்டாரு, சொன்னாக் கேளுங்க" என்பாள். நிவி பாதிச் சாப்பாட்டில் எழுந்து போவாள். அவள் இளைத்துக்கொண்டே வந்தாள். படிப்புக் கவலை என்று நினைத்தேன்.

ஆச்சரியம் என்னவென்றால், அந்த ஆகஸ்டில் மழையே இல்லை, நான் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை, கல்வாழை வாடவே இல்லை. புதுசு புதுசாகக் குருத்து விட்டது. அண்ணனுக்குப் படம் அனுப்பி, "பாத்தீங்களாணா, நம்ம மண்ணுச் செடி. தண்ணி இல்லாமயும் நிக்குது" என்று பீற்றிக்கொண்டேன். கடையில் பெட்டியோடு வாங்கின செடி என்பது அப்போது ஞாபகம் வரவில்லை. அந்த மாதத்தில் நிவி கோடை விடுமுறை வேலைக்குக் காலையில் பஸ் பிடித்துப் போய்க்கொண்டிருந்தாள். பின்வாசல் படியில் தினமும் அவள் செருப்பு சேறாகக் கிடக்கும். "ஊரே காய்ஞ்சு கெடக்குது, நீ எங்க போயி சேத்துல மிதிக்கறே?" என்று இரண்டு மூன்று தடவை சத்தம் போட்டேன். ஒண்ணுமில்லப்பா என்று கழுவி வைத்தாள். மழையில்லாத ஊரில் சேறு எங்கிருந்து வந்தது என்று, தண்ணீருக்காகத் தெருவில் உட்காருகிற ஊரில் பிறந்த எனக்குத் தோன்றவில்லை.

7

செப்டம்பரில் அந்தப் பெண்மணி வந்து பார்த்துவிட்டுப் போனார். நேற்று மாலை வேலையிலிருந்து திரும்பியபோது தபால்பெட்டியில் இரண்டு உறைகள் கிடந்தன. இரண்டும் நகராட்சியிலிருந்து. இரண்டிலும் என் பெயர்.

என் பெயர் சாமிநாதன். எங்கள் ஊர் வழக்கப்படி அப்பாவின் பெயர் எனக்குப் பின்னால் நிற்கிறது, என் பெயர் என் மகளுக்குப் பின்னால் நிற்கிறது. ஒரே வீட்டில் ஆளுக்கொரு குடும்பப் பெயர் எப்படி வந்தது என்று இந்த நாட்டில் நான் விளக்காத அலுவலகம் இல்லை. பயந்த கண்ணுக்குச் சாமிநாதன் என்பது மட்டும்தான் தெரிந்தது. இரண்டு கடிதமா, இன்னும் ஏதோ புதுசாகக் கிளம்பியிருக்கிறது என்று, வாழ்க்கையில் முதல்முறையாக முருகன் படத்துக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே நின்று இரண்டையும் கிழித்தேன்.

முதல் கடிதம்: உங்கள் வீட்டின் மீதான புகார் சரிசெய்யப்பட்டு முடிக்கப்பட்டது.

இரண்டாவது: இந்த முகவரி குறித்து நீங்கள் அளித்த புகாரின் மேல் நடவடிக்கை எடுக்கப்பட்டு முடிக்கப்பட்டது. ஓடையின் மேல் உங்களுக்கு இருக்கும் அக்கறைக்கு நன்றி.

உறையைத் திருப்பிப் பார்த்தேன். நிவேதா சாமிநாதன்.

டேவ் தட்டிக்கு அந்தப் பக்கம் இலைகளைக் கூட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. கோபம் வந்தது, பொய் சொல்லக் கூடாது. நல்ல கோபம். அதைத் தூக்கிக்கொண்டுதான் பின்பக்கம் போனேன். பள்ளி விடுமுறை என்பதால் நிவி வீட்டில் இருந்தாள். நான் வேலையிலிருந்து வருவதற்குள் பாதி முடித்துவிடலாம் என்று கறுத்துப்போன கல்வாழைகளை ஒவ்வொன்றாக ஒரு சாண் விட்டு வெட்டி, கிழங்கைச் சுற்றி மண்ணைத் தளர்த்திக்கொண்டிருந்தாள். காலில் அதே சேற்றுச் செருப்பு.

கடிதத்தை நீட்டினேன். பார்த்ததும் கையிலிருந்த மண்வாரியைக் கீழே போட்டுவிட்டாள்.

"நீயா?"

தலையாட்டினாள். நான் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"எனக்குத் தெரியாதுப்பா. வந்து சொல்லிட்டுப் போவாங்கன்னு நெனச்சேன். லெட்டர் வரும்னு தெரியாது. என்னால... உங்களுக்கும் அம்மாவுக்கும் சிட்டிசன்ஷிப் கெடைக்காதுன்னு... தினமும் நீங்க அதே சொன்னீங்க. நான் சொல்லலாம்னு... பயமா இருந்துச்சு."

மூன்று மாதம். நான் சத்தமாகப் பயந்த மூன்று மாதமும் அவள் சத்தமில்லாமல் பயந்திருக்கிறாள். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"ஆகஸ்ட்ல தண்ணி ஊத்துனது நீதானா?"

"செத்துருமேன்னுதான். நல்ல தண்ணிதான்ப்பா. சோப்பு இல்ல."

"தப்புன்னா ஆபீசுக்கு எழுதறதா? எங்கிட்டச் சொல்ல வேண்டாமா கண்ணு?"

"சொன்னேனேப்பா."

"எப்போ?"

"மே மாசம். நீங்க தோசை ஊத்திட்டு இருந்தீங்க. அப்புறம் கார்ல. அப்புறம் இன்னொரு தடவ. நான் இங்கிலீஷ்ல சொன்னேன்."

எனக்குத் தோசைக் கரண்டியும், காதில் வைத்த கையும் ஞாபகம் வந்தன. இப்போது இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அன்றைக்கு எனக்குக் காது கேட்டது. சோப்பு என்றாள், மீன் என்றாள், நம் ஓஸ் என்றாள். முழுக்கக் கேட்டால் ஓஸைக் கழற்ற வேண்டிவரும் என்று உள்ளே ஏதோ ஒன்றுக்குத் தெரிந்திருந்தது. சட்டம் கைவசம் இருந்தது, எடுத்துக்கொண்டேன். அதனால் அவள், தான் பேசினால் காது கேட்கிற இடத்தில் போய்ச் சொல்லியிருக்கிறாள். கடிதத்துக்கு நடுங்காத ஒரு ஆள் என் வீட்டிலேயே வளர்ந்திருக்கிறாள். அவளையும் நடுங்கப் பழக்கியது நான்தான்.

டேவிடம் போக வேண்டும். என்ன சொல்வது என்று தெரியவில்லை. மூங்கில் தட்டியை முதலில் அவிழ்க்க வேண்டும். நாலு கிழங்கும் கொண்டுபோக வேண்டும். குடியுரிமை அலுவலகத்திலிருந்து இன்னும் ஒரு தகவலும் இல்லை, அந்தப் பயமும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அதெல்லாம் அப்புறம். அவள் வெட்டிப் போட்ட தண்டுகளின் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன்.

"எந்த பாஷையில வேணுமோ அதுல சொல்லு கண்ணு. இப்பச் சொல்லு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இங்கிலீஷில் சொல்லுவாள் என்று நினைத்தேன். தமிழில்தான் ஆரம்பித்தாள். ஒவ்வொரு சொல்லாக, மண்ணிலிருந்து கிழங்கை எடுப்பது போல, உடைந்துவிடாமல் எடுத்து வைத்தாள்.

"நம்ம சோப்புத் தண்ணி... ஓடைக்குப் போகுது. அங்க சின்ன மீன் இருக்கு. மீனுக்கு இங்க..." கழுத்தின் இரண்டு பக்கமும் தொட்டுக் காட்டினாள். "இங்க ஒண்ணு இருக்கும்ல? மூச்சு விடறதுக்கு?"

"செவுள்."

"செவுள். சோப்பு பட்டா செவுள் எரியும். மூச்சு விட முடியாது. நான் நாலு மீன் பாத்தேன். செத்துப்போச்சு. நம்ம வீட்டுக்குக் கீழதான்." நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள். எட்டு வயதில் ஜூஸ் கேட்கும்போது கேட்பாளே, அதே கேள்விதான். இந்த முறை சிரிப்பு மட்டும் இல்லை.

"இப்பக் கேக்குதாப்பா?"